அக்கா கூட்டிய மணல்

சினிமாக் கொட்டாய்க்குள் போனதும் அக்கா முதலில் செய்கிற வேலை மணலைக் கூட்டுவது. தரை டிக்கெட் வாங்கி வருகிற எல்லாரும் மணலைக் கூட்டுவார்கள்தான். முன்னால் இருப்பவர் தலை மறைக்காமலிருக்க ஆளுக்கொரு மேடு கட்டி அதன்மேல் உட்காருவார்கள். பின்னால் இருப்பவர் சண்டைக்கு வருவார், முன்னால் இருப்பவர் வேண்டுமென்றே இன்னொரு கை மணலை அள்ளிப் போட்டுக்கொள்வார். அக்கா கூட்டுகிற மணல் வேறு காரியத்துக்கு. சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, வலது தொடைக்குக் கீழே மட்டும் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக அணைத்துத் தள்ளுவாள். பிறகு புடவையை இழுத்து விட்டுக்கொண்டு, "பாப்பா, ரெண்டு முட்டியும் ஒண்ணா கீதான்னு பாரு" என்று என்னைக் கேட்பாள். நான் தள்ளி நின்று பார்ப்பேன். "வலதுல இன்னும் ஒரு பிடி போடு" என்பேன். போடுவாள். இரண்டு முட்டியும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் அக்காவைப் பார்த்து யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

அக்காவுக்கு நடை பழகுகிற வயதில் காய்ச்சல் வந்து வலது கால் சூம்பிப்போய்விட்டது. இளம்பிள்ளை வாதம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம். நடக்கும்போது வலது கையைத் தொடைமேல் அழுத்தி ஊன்றித்தான் அடுத்த காலை எடுத்து வைப்பாள். அப்போது உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபடி நிமிரும். வீட்டில் எங்களுக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் நடுவே நாள் முழுக்க அப்படித்தான் நடந்துகொண்டிருப்பாள். வாயும் சும்மா இருக்காது. என்னைவிட நிறம், என்னைவிட முகவெட்டு, என்னைவிடப் பேச்சு. நான் அப்போதும் இப்போதும் நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்க மாட்டேன். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியதுகூட வாத்தியார் எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்கிறாரே என்ற பயத்தில்தான். அக்கா பள்ளிக்கூடமே போகவில்லை. ஆனால் தரகரிடம் பேரம் பேசுவதானால் அவள் பேசுவாள்.

உத்திரமேரூரைச் சுற்றியிருந்த ஊர்களில் அந்த நாளில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்ணைப் பார்க்க வீட்டுக்கு வந்து பஜ்ஜி காபி சாப்பிட்டுவிட்டு, அப்புறம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினால், அந்தப் பெண்ணின் பேர் கெட்டுவிடும். அதனால் முதலில் சினிமாக் கொட்டாயில் காட்டிவிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம் படம் பார்க்க வந்த மாதிரி வருவார்கள், பெண் வீட்டார் ஒரு பக்கம். டூரிங் கொட்டாயில் ஒரே மிஷின் என்பதால், ரீல் மாற்றுவதற்காக ஒரே படத்துக்கு மூன்று நான்கு தடவை விளக்கு போடுவார்கள். அந்த வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியது. பிடித்திருந்தால் தாம்பூலத்தோடு வீட்டுக்கு வருவார்கள். பிடிக்காவிட்டால் படம் பார்த்தோம், போனோம், அவ்வளவுதான். இதற்கு எங்கள் கல்யாணத் தரகர் ஒரு சட்டம் வைத்திருந்தார். கல்யாணப் படம் வந்தால்தான் கூட்டிப்போக வேண்டும். "அயுகாச்சி படத்துக்கு இட்டுகினு போனா சகுனத் தடைங்க. போஸ்டர்ல மாலையும் கயுத்துமா நிக்கணும். அதான் கணக்கு" என்பார்.

எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கு இந்தக் கொட்டாய் வழக்கம் தெய்வமே காட்டிய வழியாகப் பட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பெண் உள்ளேயிருந்து நடந்து வர வேண்டும். கொட்டாயில் மணலில் உட்கார்ந்திருந்தால் போதும். ஆட்டம் ஆரம்பிக்க ரொம்ப நேரம் முன்னாலேயே, ரிக்கார்டில் சாமிப் பாட்டு போடுவதற்கும் முன்னால், மாட்டு வண்டியைப் பொம்பளைங்க வாசலை ஒட்டி நிறுத்துவார். டிக்கெட் கிழிக்கிற அம்மாவிடம் சொல்லி அக்காவை உள்ளே விட்டுவிடுவார். அக்கா ஆம்பிளைப் பக்கத்துக் குட்டைச்சுவரை ஒட்டி, டியூப்லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து மணலைக் கூட்டிக்கொள்வாள். படம் விட்டதும் எழுந்திருக்கக் கூடாது. "ஜனம் கலையட்டும். அவங்க வண்டி போச்சுதுன்னு நான் வந்து சொல்றேன், அப்பால எயுந்திரு." ஒவ்வொரு தடவையும் நைனா சொல்வது இதுதான். இப்போது நினைத்தால் பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. கல்யாணத்தன்று என்ன செய்வார்? மேடைக்கு எப்படிப் போவாள்? அம்மா ஒரு தடவை கேட்டாள். "தாலி ஏறிட்டா அப்பால யாரு இன்னா பண்ணிட முடியும்?" என்றார் நைனா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நெல் மண்டியில் யாருக்கும் ஒரு பிடி குறைத்து அளக்காத மனிதர் அவர்.

ஆக, நான் பார்த்த கல்யாணப் படங்களெல்லாம் அக்காவைக் காட்டப் போன இடத்தில் பார்த்தவை. டிவியில் சில நாள், கல்யாணத்தைப் பற்றி வந்த படங்களில் எது உசத்தி என்று படித்தவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். எனக்கும் சிலது ஞாபகம் இருக்கிறது, பேர்தான் இல்லை. ஒரு படம் முழுக்க ஒரே கல்யாண வீடு. பாயசத்துக்கு முந்திரி காணோம் என்று சமையல்காரருக்கும் சம்பந்திக்கும் சண்டை. கொட்டாயே சிரித்தது. அம்மா சிரித்துச் சிரித்துத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னொன்றில் மழையில் பந்தல் சரிந்து, ஊர்க்காரர்கள் தலைக்குமேல் பாயைப் பிடித்து நிற்க, நனைந்துகொண்டே தாலி கட்டுவார்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து நிஜமாகவே குலவை போட்டார்கள், யாரோ பூவைப் பிய்த்துத் திரையைப் பார்த்து வீசினார்கள். அக்கா அதிலெல்லாம் ஒன்றைத்தான் கவனிப்பாள். வண்டியில் திரும்பும்போது என் காதில் சொல்வாள். "கவனிச்சியா? கல்யாணத்துல எல்லாரும் நின்னுகினு ஓடிகினு கீறாங்க. பொண்ணு மட்டும் உக்காந்துகினே கீது. தாலி கட்டுனாங்க, அடுத்தாப்பல பாட்டு போட்டுட்டாங்க. அக்கினிய சுத்தறத காட்டவே இல்ல. நல்ல படம்." எந்தப் படத்தில் மணப்பெண் எழுந்து மாப்பிள்ளையின் விரலைப் பிடித்துக்கொண்டு தீயைச் சுற்றி வருகிறாளோ, அந்தப் படம் அக்காவுக்கு ஆகாது. "இஸ்துகினே போறான்" என்பாள்.

இப்படிப் பல இடம் வந்தது. பக்கத்து ஊர்க்காரர்களாக இருந்ததால் எவராவது முன்கூட்டியே காதில் போட்டுவிடுவார்கள். விளக்கு போடும்போது பார்த்தால் தரகர் சொன்ன பெஞ்சியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். அக்காவுக்கு இருபத்தைந்து ஆகிவிட்டது. எனக்கும் பத்தொன்பது. அக்காவுக்கு முடிந்தால்தான் எனக்கு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அம்மா என் தலையைப் பின்னும்போது விடுகிற பெருமூச்சு அதுதான். அந்தச் சமயத்தில்தான் திருப்புட்குழிப் பக்கத்திலிருந்து ஓர் இடம் வந்தது. பாலாறு தாண்டின ஊர், இந்தப் பக்கத்துச் சங்கதி எதுவும் தெரியாது. ஒரே பிள்ளை, கிணற்றுப் பாசன நிலம், அப்பா இல்லை, அம்மா வைத்ததுதான் சட்டம். தரகர் சொன்னார்: "இத வுட்டா வேற கெதி இல்லீங்க. நானும் எத்தினி வாட்டிதான் பொய் சொல்றது." நைனா தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வாரம் கொட்டாயில் வந்த படத்தின் போஸ்டரில் மாலையும் கழுத்துமாக இரண்டு பேர் நின்றார்கள். தரகர் அதைப் பார்த்தே முடிவு செய்துவிட்டார். படத்தில் என்ன கதை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் வாழ்க்கையும் வேறு மாதிரி ஆகியிருக்கும். அக்காவுக்கு என் இளமஞ்சள் புடவையைக் கட்டிவிட்டோம். தலைநிறையக் கனகாம்பரம். அவள் மணலைக் கூட்டினாள், நான் முட்டியைப் பார்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் கனத்த சரீரமாக ஓர் அம்மாள் வந்து, எங்களுக்கு நாலு ஆள் தள்ளி, கொண்டு வந்திருந்த துணியை விரித்து உட்கார்ந்தாள். மணலில் உட்காருவது அவளுக்குப் பழக்கமில்லை போலிருந்தது. குட்டைச்சுவருக்கு அந்தப் பக்கம் பெஞ்சியில் வெள்ளைச் சட்டை போட்டு ஓர் ஆள், பக்கத்தில் தரகர். நைனா கடைசியில் கம்பத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

முதல் தடவை விளக்கு போட்டபோது அக்கா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக் காட்டினாள். பேர் தெரியாத அந்த அம்மாள் நன்றாகப் பார்த்தாள். பார்த்த பிறகு பக்கத்திலிருந்தவளிடம் வெற்றிலை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். பிடித்துவிட்டது என்று அர்த்தம். விளக்கு அணைந்து படம் ஓடியது. திரையில் பெரிய கல்யாணம், நாதஸ்வரம், வாழைமரம். பெண் மணையில் உட்கார்ந்திருக்கிறாள். தாலியைத் தட்டில் வைத்து எல்லாரிடமும் தொட்டு வாங்கி வருகிறார்கள். அப்போது கூட்டத்திலிருந்து ஒருவன் எழுந்து நிறுத்தச் சொல்கிறான். அந்தப் பெண்ணுக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாதாம், மறைத்துக் கல்யாணம் செய்கிறார்களாம். மாப்பிள்ளையின் அப்பா மாலையைப் பிடுங்கிப் போடுகிறார். பெண்ணின் அப்பா ஓடி வந்து, இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்து அவர் காலடியில் போட்டு, நெடுஞ்சாண்கிடையாக விழுகிறார். அவர் காலை உதறிக்கொண்டு போகிறார். விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அவர் முதுகை அவ்வளவு பெரிய திரை முழுக்கக் காட்டினார்கள். பொட்டென்று விளக்கு போட்டுவிட்டார்கள்.

கொட்டாயில் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் திரும்பிக் கம்பத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நைனா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். அக்கா ஒரு கையை மணலில் ஊன்றினாள். "எங்கடி போற, உக்காருடி" என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு புடவையைப் பிடித்தாள். அக்கா மெதுவாக அம்மாவின் விரலைப் பிரித்துவிட்டாள். எழுந்து நின்றாள். வலது தொடைமேல் கையை வைத்து அழுத்தி, சாய்ந்து நிமிர்ந்து, அந்த டியூப்லைட்டுக்குக் கீழேயே நடந்து போனாள். மணலில் கால் புதைகிற இடம், வீட்டில் நடப்பதைவிட அதிகமாகவே சாய்ந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். சுவர் ஓரம் கலர் சோடா விற்கிறவரிடம் போய், "ஒரு கலரு ஒடச்சி குடுங்கண்ணா" என்று கேட்டது எனக்குக் கேட்டது. குரலில் நடுக்கமே இல்லை. ஒரு கையில் புட்டி, ஒரு கை தொடையில். திரும்பி வந்தவள் எங்களிடம் வரவில்லை. நேராக அந்த அம்மாளிடம் போய் நின்றாள்.

"குடிங்கம்மா. எவ்ளோ தூரத்துலேருந்து வந்துகீறீங்க, தாகமா இருக்கும்."

அந்த அம்மாள் முதலில் காலைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். கை தன்னால் நீண்டு புட்டியை வாங்கிக்கொண்டது. அக்கா வந்து தன் மணல்மேட்டில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை முட்டியைப் பார்க்கச் சொல்லவில்லை. பெல் அடித்தது, விளக்கு அணைந்தது. அப்புறம் ஓடின படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அடுத்து வெளிச்சம் வந்தபோது நாலு ஆள் தள்ளி இருந்த இடம் காலி. கலர் புட்டி அப்படியே மணலில் நட்டு வைத்தது போல நின்றுகொண்டிருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அக்கா நடுவில் இருந்தவர்களிடம் சொல்லி அதைக் கைமாற்றி வாங்கி என்னிடம் கொடுத்தாள். "நீ குடிடி பாப்பா. சும்மா போவுது." நான் குடித்தேன். கேஸ் போய், வெறும் தித்திப்பாக இருந்தது.

படம் விட்டதும் யாரும் எங்களை உட்காரச் சொல்லவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக அக்கா வாசலுக்கு நடந்தாள். வண்டியில் அம்மா வாயில் தலைப்பைப் பொத்திக்கொண்டு வந்தாள். நைனா வண்டியில் ஏறாமல் மாட்டின் பக்கத்திலேயே நடந்து வந்தார். ஏரிக்கரை திரும்பினதும் முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"ஏம்மா இப்டி பண்ணிட்ட? கூடி வந்துச்சேம்மா."

"அந்தாளு துண்ட எடுத்துக் கால்ல போட்டாரே, பாத்தல்ல நைனா?"

"அது படம்மா."

"படந்தான். வியுந்ததுக்கு அவருக்குக் காசு குடுத்துருப்பாங்க. உனுக்கு இன்னா குடுப்பாங்க?"

மாட்டின் கழுத்து மணிச் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் கேட்டுக்கொண்டே வந்தது. நைனா அழுது நான் கேட்டது அன்றைக்குத்தான்.

தரகர் அந்த வாரத்திலேயே திரும்ப வந்தார். தலைவாசலில் நின்று செருப்பைக்கூடக் கழற்றாமல், சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த அம்மாளுக்குக் குடும்பம் பிடித்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண்ணையும் பார்த்தார்களாம். அதைக் கொடுப்பதானால் அடுத்த முகூர்த்தத்திலேயே வைத்துக்கொள்ளலாமாம். நைனா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, "போய்யா வெளியே" என்றார். தரகர் நகரவில்லை. அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "குடுத்துடு நைனா. ரெண்டு பேரும் வூட்டோட கெடந்து இன்னா பண்றது?" கரண்டியால் குழம்பைத் துழாவிக்கொண்டே சொன்னாள். நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு மடங்கு. நாலு பேரும் அதையே சாப்பிட்டோம்.

மூத்தவள் இருக்க இளையவளுக்குக் கல்யாணம் என்றால், மூத்தவள் பந்தலில் முன்னால் நிற்கக் கூடாது என்று பங்காளிகள் சொன்னார்கள். அக்கா பின்பக்கம் காய் நறுக்குகிறவர்களோடு இருந்தாள். காலையில் எனக்குப் பூ வைத்துவிட வந்தவள், கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அக்கினிய சுத்தும்போது மெதுவா நட. அவுரு இஸ்துகினு போனாலும் நீ மெதுவா நட. நான் கீத்து சந்துல பாக்கறேன்." நான் மெதுவாக நடந்தேன். புகையில் கண் எரிந்தது. பந்தலின் பின்பக்கக் கீற்றில் ஓர் இடத்தில் விரலால் விலக்கின ஓட்டை இருந்தது. மூன்று சுற்றிலும் அந்த இடம் வரும்போது என் கால் தானாக நின்று போனது. புரோகிதர் "நடம்மா, நடம்மா" என்றார்.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் பிறந்த பிற்பாடு ஒரு நாள், களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தபோது, கேட்காமலே சொன்னார். "உங்க அக்கா அன்னிக்கு கொட்டாயில நடந்தாங்களே, அந்த மாரி நான் எந்தப் படத்துலயும் பாக்கல." நான் குனிந்தபடியே, "அப்ப ஏன்..." என்றேன். முடிக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. "அம்மா வேணான்ட்டாங்க" என்றார். நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டே களத்தின் அந்தக் கோடி வரை போனார். என் வாழ்க்கையில் நான் அனுபவித்த எந்த நல்லதும், அதற்குப் பிறகு, முழுசாக எனக்கென்று தொண்டையில் இறங்கவில்லை.

அக்காவுக்கு அப்புறம் யாரும் இடம் பார்க்கவில்லை. நைனா தரகரை வாசல் மிதிக்க விடவில்லை. ஆனால் அக்கா கொட்டாய்க்குப் போவதை விடவில்லை. கல்யாணப் படம் எது வந்தாலும் போனாள். வண்டி இல்லாமல், ஏரிக்கரையோடு நடந்தே, சாமிப் பாட்டு முடிந்து ஜனம் நெருக்குகிற நேரத்தில் எல்லாரும் பார்க்க உள்ளே போவாளாம். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் கதை சொல்வாள். முன்னே சொன்னதற்கு நேர்மாறாகச் சொல்லுவாள். "தாலி கட்டறத எவன் வேணா காட்டுவான். அக்கினிய சுத்தறத முழுசா, மூணு சுத்தும், காலோட காட்டுனான் பாரு, அவன்தான் படம் எடுக்கத் தெரிஞ்சவன்." எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை வந்து, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தும் கேட்காமல், செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தாள். கன்னியாகச் செத்தவள் என்று, எடுப்பதற்கு முன்னால் ஒரு வாழைக்கன்றை மாப்பிள்ளையாக வைத்து அவளுக்குத் தாலி கட்டிச் சடங்கு செய்தார்கள். அப்போதும் அவள் படுத்திருந்தாள். அக்கினியை யாரும் சுற்றவில்லை. நைனா தோளிலிருந்த துண்டை எடுத்து அவள் காலடியில் போட்டுவிட்டு, அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டார்.

கொட்டாய் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். போன தை மாதம் என் பேத்திக்கு அங்கேதான் கல்யாணம். வழவழவென்று டைல்ஸ், குளிர்ச்சி மெஷின். மேடைக்குப் பக்கத்தில் கொட்டாய்த் திரை மாதிரியே ஒரு பெரிய திரை வைத்து, மேடையில் நடப்பதை அதில் படமாகக் காட்டினார்கள். எல்லாரும் மேடையை விட்டுவிட்டுத் திரையைத்தான் பார்த்தார்கள். நான் பின்வரிசை நாற்காலியில், யாருக்கும் தெரியாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். எனக்கு இப்போது வலது முட்டி தேய்ந்துவிட்டது. தொடையில் கையை ஊன்றாமல் ஓர் அடி வைக்க முடியாது. அட்சதை போடப் பெரியவர்கள் வரச் சொல்லி மைக்கில் என் பேரைக் கூப்பிட்டார்கள். போகாமலிருக்க முடியவில்லை. நடுவில் விரித்த சிவப்பு விரிப்பில் நடந்தேன். காமிராவைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்துபோன பையன் கெஞ்சினான். "ஆயா, கைய கால்லேருந்து எடுத்துட்டு நட ஆயா. வீடியோல நல்லா இருக்காது."

யார் என்ன சொன்னாலும் செய்து பழகினவள் நான். கையை எடுக்கத்தான் போனேன். அப்போது தலையை நிமிர்த்தித் திரையைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய வெளிச்சத்தில், வலது தொடைமேல் கையை அழுத்தி, சாய்ந்து நிமிர்ந்து ஒருத்தி நடந்து போய்க்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். நான் கையை எடுக்கவில்லை. வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். மேடைக்குப் போவதற்குள் ஒரு தடவை கீழே பார்த்தேன். அந்த இடத்தில் எங்கேயும் ஒரு பிடி மணல் இல்லை.